குதிரையேற்ற முகாமுக்குப் போவதா, வேண்டாமா? அச்சமுள்ள புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியாவிலேயே பிறந்து வளர்ந்தும் முப்பத்தெட்டு வயது வரை எந்தக் குதிரையையும் பத்தடிக்குள் நெருங்காதிருந்த நான், சென்ற ஆண்டு ஐந்து நாள் தங்கிப் பயிலும் ஆரம்பநிலை முகாமொன்றுக்குப் போய்வந்தேன். அதன்பின் அட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள உறவினர், உடன் கற்பிக்கும் ஆசிரியைகள், மாணவிகளின் தாய்மார் எனப் பலரும் கேட்ட கேள்விகளையே இங்கே எழுதியுள்ளேன். நான் பயிற்றுநர் இல்லை. பயந்துகொண்டே போய், பயந்துகொண்டே கற்ற ஒருத்தியின் பதில்களாகவே இவற்றைக் கொள்ளுங்கள்.

எனக்குக் குதிரை என்றாலே பயம். நான் போகலாமா?

பயம் இருப்பதால் மட்டும் போகாமல் இருக்க வேண்டியதில்லை. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள, தனக்கென்று ஒரு மனம் உடைய விலங்கின் முதுகில் ஏறப்போகும் ஒருவருக்குச் சிறிதும் அச்சமில்லை என்றால், அவரைப் பற்றித்தான் பயிற்றுநர்கள் கவலைப்படுவார்கள்.

ஆனால் பயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விவரம் தெரியத் தெரியக் குறைவது: குதிரை ஏன் காதைப் பின்னால் மடிக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து அணுக வேண்டும், பாதம் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் எவ்வளவு தூரம் நுழைய வேண்டும் என்பன புரிந்ததும் இது பாதியாகிவிடும். மற்றது, எவ்வளவு தெரிந்தாலும் உடம்பு விறைத்து, காதில் எதுவும் விழாமல் போவது. முதல் வகையினருக்கு முகாம் நல்ல இடம். இரண்டாம் வகையினருக்கு ஐந்து நாள் தொடர்ச்சியான முகாமைவிட, வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் குதிரையின் அருகில் நின்று பழகுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருநாள் இலாயத்துக்குப் போய், ஏறும் எண்ணமே இல்லாமல் அரைமணி நேரம் வேலிக்கு வெளியே நில்லுங்கள். புறப்படும் நேரத்தில், அங்குள்ளவர் ஒருவர் குதிரையைப் பிடித்திருக்க, அதன் கழுத்தில் உங்கள் கையை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் முதல்முறை போனபோது கையை நீட்டினேன், மடக்கினேன், மறுபடி நீட்டினேன். நான்காவது முறை தொட்டபோது, அந்தக் குளிரிலும் கழுத்து அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் பயத்தைக் குதிரை கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவுக்கு உண்மை. சுவீடனில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்வோரையும் ஏறிச் செல்வோரையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சில முறை போகச் சொன்னார்கள். கடைசி முறை போகும்போது வழியில் ஒருவர் குடையை விரிப்பார் என்று அவர்களிடம் கூறப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதர்களின் இதயத்துடிப்பு உயர்ந்தது. குடையைப் பற்றி எதுவும் அறியாத குதிரைகளின் இதயத்துடிப்பும் சேர்ந்தே உயர்ந்தது.

குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம். கூட்டத்தில் ஒன்று விறைத்தால் மற்றதும் விறைப்பது அதன் உயிர்காக்கும் வழி. உங்கள் தொடை இறுகுவதையும், மூச்சு நின்றுவிடுவதையும், கடிவாள வாரைப் பிடித்த கை மேலே எழுவதையும் அது தன் முதுகிலும் வாயிலும் உணர்கிறது. பயத்தைக் குதிரையிடமிருந்து மறைக்க முயல்வது வீண்வேலை. பயந்தபடியே செய்யக்கூடிய செயல்கள் சில உண்டு. மூச்சை நீளமாக வெளியே விடுவது, குதிரையின் தலையைப் பார்க்காமல் தூரத்து மரத்தைப் பார்ப்பது, குதிகாலைத் தாழ்த்துவது ஆகியவையே முதல் மூன்று நாளும் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டன.

குடையைப் பற்றி நுவரெலியாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே குடையில்லாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தூறல் தொடங்கிய வேளை, வேலிக்கு அப்பால் தெருவில் போன ஒரு பெண் சட்டென்று குடையை விரித்தார். நான் ஏறியிருந்த ராணி என்ற செந்நிறக் குதிரை பக்கவாட்டில் மூன்றடி தாவி நின்றது. நான் வாரை விட்டுவிட்டுப் பிடரி மயிரைக் கைநிறையப் பிடித்திருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர், குதிரையிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்து, "டீச்சர், மூச்ச விடுங்க" என்றார். விட்டேன். ராணியும் தலையைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விட்டது. அந்த ஐந்து நாளில் நான் கற்றவற்றுள் பெரியது அதுதான்.

கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தால் போதாதா?

போதாது. அங்கே நீங்கள் பயணி மட்டுமே. கயிறு வேறொருவர் கையில் இருக்கும். வாகன இரைச்சலுக்குப் பழகிய குதிரை தன் பழகிய தடத்தில் போய்த் திரும்பும். அதில் பயமில்லாமல் இருந்தீர்கள் என்பதால் முகாமில் பயம் வராது என்றோ, அதில் பயந்தீர்கள் என்பதால் முகாம் ஒத்துவராது என்றோ முடிவு செய்ய முடியாது. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தில் அங்கே ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எந்த மாதமானாலும், தலைக்கவசம் இல்லாமல் எங்கேயும் ஏற வேண்டாம்.

முகாமில் உண்மையில் என்ன நடக்கும்? நாள் முழுவதும் குதிரை மேல் இருக்க வேண்டுமா?

இல்லை. புதியவர்களுக்கு ஒரு நாளில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் மட்டுமே ஏற்றம் இருக்கும்; அதற்கு மேல் உடம்பும் தாங்காது. எஞ்சிய நேரம் தரையில்தான். காலையில் இலாயம் கூட்டுவது, சாணம் அள்ளுவது, புல்லும் தீனியும் வைப்பது, தூரிகையால் உடலைத் தேய்ப்பது, குளம்பைத் தூக்கி உள்ளே அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் எடுப்பது ஆகிய வேலைகள் சுழற்சியாக வரும். "பணத்தையும் கட்டிச் சாணமும் அள்ளுவதா?" என்று என் கணவர் கேட்டார். பயமுள்ளவர்களுக்கு முகாமின் பெரும்பயன் இந்த வேலைகளில்தான் இருக்கிறது. ஒரு குதிரையின் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுத்தம் செய்தவருக்கு, அதன் முதுகில் ஏறும்போது அது அந்நிய விலங்காக இராது.

ஏற்றப் பயிற்சி பெரும்பாலும் நீண்ட கயிற்றில் தொடங்கும். பயிற்றுநர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். வேகமும் திசையும் அவர் பொறுப்பு, உட்காருவது மட்டுமே உங்கள் வேலை. அடுத்தது கயிறில்லாமல் நடப்பது, திருப்புவது, நிறுத்துவது. அதற்கும் அடுத்தது "ட்ரொட்" எனப்படும் துள்ளுநடை: மூலைவிட்டக் கால்கள் இரண்டிரண்டாக ஊன்றுவதால் அது இரண்டு தாளத்தில் தூக்கிப் போடும். நம்மில் பலருக்கு உண்மையான பயம் இங்கேதான் தொடங்குகிறது. ஐந்து நாளிலும் நடையைத் தாண்டாமலே முகாமை முடிப்பவர்கள் உண்டு. எங்கள் குழுவில் எழுவரில் இருவர் அப்படித்தான் முடித்தார்கள். அவர்கள் முகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

பணம் கட்டும் முன் முகாம் நடத்துபவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்; போவதா இல்லையா என்ற முடிவு பாதிக்குமேல் இதைப் பொறுத்ததே.

முதற்கேள்வி: "நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா?" இதை அப்படியே, இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "அதெல்லாம் பயப்படாதீங்க, ஏறினால் சரியாகிவிடும்" என்று பதில் வந்தால் அந்த முகாம் உங்களுக்கு உரியதன்று. "நிறுத்துவோம், இறக்கிவிடுவோம், மறுநாள் விரும்பினால் தொடரலாம்" என்று வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். என் முகாமுக்கு முன்பு நான் விசாரித்த வேறோர் இடத்தில், பயந்து அழுத ஒரு சிறுமியை எல்லோரும் சிரித்துக்கொண்டே மறுபடி ஏற்றியதைக் கண்ணால் கண்டேன். அங்கிருந்த குதிரைகள் கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தன. ஆயினும் நான் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்து, மொழி. கட்டளைகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கக்கூடும். பதற்றத்தில் தாய்மொழி தவிர வேறெதுவும் காதில் ஏறாது என்பதால், "நிறுத்து", "வாரை விடு", "இறங்கு" என்ற மூன்றுக்கும் உங்களுக்கு உடனே புரியும் சொற்களை முதல்நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடச் சொல்லும் பொறுப்புத்துறப்புப் பத்திரத்தையும் வரிக்கு வரி தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்து வைத்த கதைகள் நம் மலையகத்தில் போதுமான அளவு உண்டு.

ஒரு பயிற்றுநருக்கு எத்தனை புதியவர்கள் என்பதும் முக்கியம். நான்கைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை குறையும். புதியவர்களுக்குத் தரும் குதிரையின் வயதையும் பழைய வேலையையும் கேளுங்கள். பந்தயத்திலிருந்து அண்மையில் ஓய்வு பெற்ற இளங்குதிரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பயந்தவருக்கு ஏற்றதன்று. பதினைந்து வயதைத் தாண்டிய, பலரைச் சுமந்து சலித்த குதிரையே நமக்கு வேண்டியது. நேரில் பார்க்கும்போது விலா எலும்பு துருத்துகிறதா, சேணம் படும் இடத்தில் புண் இருக்கிறதா, ஆள் வந்தால் காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருகிறதா என்று கவனியுங்கள். வலியோடு வாழும் குதிரை யாரையும் பொறுமையாகச் சுமக்காது.

முதலுதவி தெரிந்தவர் எந்நேரமும் திடலில் இருப்பாரா, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் கேளுங்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க அந்த இடத்தில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று நீங்களே உங்கள் கைபேசியில் பாருங்கள்; மலை மடிப்புகளுக்குள் சமிக்ஞை காணாமல் போவது நமக்குத் தெரிந்ததுதான்.

விழுந்துவிட்டால்?

விழுவது நடக்கக்கூடியதே, நடக்காது என்று யாராவது வாக்களித்தால் அவரை நம்ப வேண்டாம். "குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்" என்று சொல்வது போல, விழுந்த பிறகு நேரும் தவறுகள்தான் காயத்தைப் பெரிதாக்குகின்றன. கால் அங்கவடியில் சிக்கி இழுபடுவதும், வாரை விடாமல் பிடித்துக் குதிரையைத் தன்மேலேயே இழுத்துக்கொள்வதும் அவற்றுள் மோசமானவை. எனவே அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே நுழைந்திருக்க வேண்டும். விழும்போது வாரை விட்டுவிட்டு, உருண்டு குதிரையின் கால்களிலிருந்து விலக வேண்டும்.

தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் கனமானது, கழுத்தைச் சோர்வாக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே விரிசல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம் என்பதால், இரவல் கவசத்தின் வரலாற்றைக் கேட்பது தவறன்று. தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்றாலும் அன்று மறுபடி ஏறக்கூடாது. வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

என் எடையும் வயதும் தடையாகுமா? எனக்குச் சில நோய்களும் உண்டு.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. குதிரையின் உயரத்தைச் சொல்லும் கை அளவில் 14.2, அதாவது ஏறத்தாழ 147 சென்ரிமீற்றர் உயரத்துக்குட்பட்ட மட்டக்குதிரைகளே உள்ள முகாமில், பெரியவர் பலருக்குப் பொருத்தமான குதிரை கிடைக்காது. எடையைத் தொலைபேசியிலேயே உண்மையாகச் சொல்லிவிடுவது உங்களுக்கும் குதிரைக்கும் நல்லது.

வயது தனியே தடையன்று. கர்ப்பிணிகள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், வலிப்பு வருபவர்கள், முதுகுத்தண்டில் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் வைத்தியரின் ஒப்புதலின்றிப் போக வேண்டாம். காய்ந்த புல்லின் தூசியும் குதிரையின் மயிரும் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். இலாய மண்ணிலும் சாணத்திலும் ஏற்பு வலிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால், கடைசியாக எப்போது அந்தத் தடுப்பூசி போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாள்களில் ஏறலாமா என்று பலர் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: உடம்பு ஒத்துழைத்தால் ஏறலாம்.

என்ன உடுத்த வேண்டும்?

உடலோடு ஒட்டிய, உள்தொடையில் தடித்த தையலில்லாத நீளக் காற்சட்டை. ஜீன்ஸ் உராய்ந்து புண்ணாக்கும். துப்பட்டா, தொங்கும் காதணி, வளையல் எதுவும் வேண்டாம். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக் கழுத்துப் பட்டியை மூடிக்கொள்ளலாம். சப்பாத்துக்குச் சிறிய குதிகால் இருந்தால்தான் கால் அங்கவடிக்குள் வழுக்கிப் போகாது. அடிப்பகுதி மழமழப்பாக இருந்தால்தான் சிக்காது. விலையுயர்ந்த நீளச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை. நான் என் மகனின் பழைய கறுப்புப் பாடசாலைச் சப்பாத்தைத்தான் போட்டுப்போனேன். விளையாட்டுச் சப்பாத்துகளோடு வந்த கொழும்புக்காரர்களைவிட என் கால் நன்றாக நின்றது.

சரசரக்கும் பிளாஸ்திக் மழையங்கியைக் குதிரை மேல் இருந்தபடி போடவோ கழற்றவோ கூடாது. காரணத்தை மேலே குடைக் கதையில் சொல்லிவிட்டேன்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

சனவரி முதல் மார்ச் வரை. 1,868 மீற்றர் உயரத்தில் அந்த மாதங்களின் விடியல் கடுங்குளிராக இருக்கும், சில நாள் புல்லில் உறைபனியும் படியும். ஆனால் தரை காய்ந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றில் மழையும் காற்றும் சேர்ந்து குதிரைகளையும் அமைதியிழக்கச் செய்யும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி. காட்டுப் பாதையில் கூட்டிப்போகும் முகாமானால் ஈரமான நாள்களில் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ கையோடு இருக்கட்டும்.

"குதிரையெல்லாம் துரைமார் ஏறுவது, நமக்கெதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

என் மாமியாரும் இதையேதான் கேட்டார். மலையகக் குடும்பங்களின் நினைவில் குதிரை என்பது மலையைச் சுற்றிப் பார்க்க வந்த துரையின் குதிரைதான். குளம்பொலி கேட்டால் கூடையைச் சரிசெய்து குனிந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் தயக்கத்தைப் பயம் என்று மட்டும் எண்ணித் தள்ளிவிட முடியாது. முகாமின் முதல்நாள், சேணத்தில் அமர்ந்து கீழே பார்த்தபோது, எனக்குக் கிறுகிறுப்பு உயரத்தால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை.

மாமியாரிடம் நான் வாதாடவில்லை. மூன்றாம் நாள் அவரைக் கூட்டிப்போய் ராணிக்குக் கரட் கொடுக்கச் சொன்னேன். விரலை நீட்டாமல் உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன்மேல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கொடுத்தார், அதன் உதடு பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மாட்டைவிடச் சாதுவாத்தான் இருக்கு" என்றார். நெடுந்தீவில் கட்டற்றுத் திரியும் குதிரைகளைப் படத்தில் காட்டியபோது, அவற்றுக்குத் துரை கிடையாதா என்றும் கேட்டார்.

என் பிள்ளைக்கு ஆசை, எனக்குத்தான் பயம். அனுப்பலாமா?

மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் அனுப்பலாம். ஆனால் நீங்கள் திடலின் ஓரத்தில் நின்று "பார்த்து, பார்த்து" என்று கூவாதீர்கள். பிள்ளையும் குதிரையும் ஒருசேரத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாளே விலகிவிட்டால் வெட்கக்கேடு இல்லையா?

இரண்டாம் நாள் காலை யாருக்குமே விலகத்தான் தோன்றும். உள்தொடைத் தசை அப்படி வலிக்கும், படியிறங்கக்கூட முடியாது. அந்த வலி நான்காம் நாள் தணியும். ஆகவே வலியால் விலகுவதானால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பயத்தால் விலகுவதானால் பொறுக்கத் தேவையில்லை. முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் விலகுவது எளிது. ஏற்றத்தை மட்டும் விட்டுவிட்டுத் தரை வேலைகளோடு தொடர அனுமதிப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முகாம் முடிந்ததும் பயம் போய்விடுமா?

எனக்குப் போகவில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை ராணியிடம் போகிறேன். ஏறுமுன் சேணத்தைக் குதிரையோடு பிணைக்கும் வயிற்றுப் பட்டியை இறுக்கி, சில குதிரைகள் இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால், பத்தடி நடத்திவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். அனேகமாக ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு துளை உள்ளே போகிறது. அதன்பிறகு தெருவில் யாராவது குடையோடு வருகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.